காலியாகாத அறைகள்

மனித ஆயுளுக்குக் கணக்குப் போடும் ஆக்சுவரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். நம் கையில் இருக்கும் ஆட்கள் கொஞ்சம் பேர். அவர்களில் இறந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம். அப்போது எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று அச்சடித்த இறப்பு அட்டவணையை நம்புவதா, கண்ணில் படுவதை நம்புவதா? தேர்வில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. எழுதினால் மதிப்பெண் வரும். நான் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தனியாக ஏற்றுக்கொண்ட ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். அதில் என் கணிப்பு சரியாகவே இருந்தது. அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறுதலான முடிவை எதிர்பார்த்து யாரும் உட்கார வேண்டாம்.

ஊரப்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. அதைத் தொடங்கியவர் ஜெயசீலன். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் சிறிய தொழிற்சாலை வைத்திருந்தவர். அவருடைய அம்மா தாம்பரத்தில் தனியாக இருந்தார். ஒருநாள் குளியலறையில் விழுந்துவிட்டார். பால் போடுகிறவர் முந்தின நாள் பாக்கெட் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்துக் கதவைத் தட்டிய பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அம்மா போன பிறகு ஜெயசீலனுக்குத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. தொழிற்சாலையை விற்று, அந்தப் பணத்தில் இல்லத்தைக் கட்டினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் நீங்கள் ஒரு கெட்டவரைத் தேடுவீர்கள். இவர் அந்தக் கெட்டவர் இல்லை. வேறு யாரும் அப்படி இல்லை.

இல்லத்தின் ஏற்பாடு எளிமையானது. சேரும்போது ஒரு பெரிய தொகையை ஒரே தடவையாகக் கட்டிவிட வேண்டும். அதன்பின் கடைசிவரை அறை, சாப்பாடு, நர்ஸ், மருந்து எல்லாம் இல்லத்தின் பொறுப்பு. ஒருவர் இறந்து அறை காலியானால் இன்னொருவர் தொகை கட்டி உள்ளே வருவார். ஆக, அந்த இல்லம் நடப்பதே அறைகள் எத்தனை சீக்கிரம் காலியாகின்றன என்பதைப் பொறுத்தது. தொடங்கும்போது யாரோ ஒரு ஆலோசகர் பொதுவான அட்டவணை ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். அதை வைத்துத்தான் தொகையை முடிவு செய்திருந்தார்கள்.

சில வருடங்கள் கழித்து ஜெயசீலன் என்னைக் கூப்பிட்டார். இரண்டாவது கட்டடம் கட்ட வங்கியில் கடன் கேட்டிருந்தார். ஆக்சுவரி ஒருவரின் அறிக்கை வேண்டும் என்று வங்கி சொல்லியிருந்தது.

"எங்க தப்பு பண்றோம்னு தெரியல மேடம். சாப்பாட்டுச் செலவு கன்ட்ரோல்ல இருக்கு. ஸ்டாஃபும் ஜாஸ்தி இல்ல. ஆனா வருஷா வருஷம் துண்டு விழுது," என்றார்.

விவரங்களைப் பார்த்ததுமே காரணம் தெரிந்தது. அட்டவணைப்படி இந்நேரம் இறந்திருக்க வேண்டியவர்களில் பாதிப் பேர்கூட இறக்கவில்லை. ஆனால் சின்ன இல்லம். ஒரு மோசமான மழைக்காலம் வந்து நாலைந்து பேர் போனால் வித்தியாசம் எல்லாம் சரியாகிவிடும். இது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்றுதான் சூத்திரமும் சொன்னது. நான் வேலை பழகிய காலத்தில் என் மேலதிகாரி ஒருவர் சொல்வார்: "சின்னக் கூட்டத்துல அதிர்ஷ்டமும் உண்மையும் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வரும். கிட்டப் போய் முகத்தைப் பாரு." அந்தப் பேச்சு மனதில் இருந்ததால் நான் கிட்டப் போனேன். கிழக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஊரப்பாக்கம் போய் இறங்கி, காலையிலிருந்து மாலைவரை அங்கேயே இருந்து, அவர்களோடு சாப்பிட்டுவிட்டு வருவேன். கொஞ்ச காலம் அப்படிப் போய் வந்தேன்.

அங்கே வேணுகோபால் என்று ஒருவர் இருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் நடைப்பயிற்சிக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். உள்ளேயிருந்து குரல் வரும்வரை நகர மாட்டார். வரவில்லை என்றால் நர்ஸைக் கூப்பிடுவார். யாரும் அவரிடம் இந்த வேலையை ஒப்படைக்கவில்லை. சிலர் எரிச்சல்பட்டுக் கத்துவார்கள். "கத்தறாங்க இல்ல, அதுதான் வேணும்," என்று அடுத்த கதவுக்குப் போவார்.

கிரேஸ் டீச்சர் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கணவரோடு இல்லத்துக்கு வந்தவர். நான் போவதற்கு முந்தைய வருடம் கணவர் இறந்துவிட்டார். உங்களுக்குத் தெரியும், வயதான தம்பதியில் ஒருவர் போனால் அடுத்த சில மாதங்களில் மற்றவரும் போவது அதிகம். நம் கணக்கு மாதிரிகளில் அதற்கென்று தனியாக ஒரு கூட்டல் போடுகிறோம். இந்த இல்லத்தில் அது நடக்கவேயில்லை. கணவனை இழந்த பெண்கள் அத்தனை பேரும் நன்றாக இருந்தார்கள். எனக்கு அது புரியவில்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அவர் போனப்புறம் நான் சாப்பிடறதை நிறுத்திட்டேன் மேடம்," என்றார். "வேணும்னு நிறுத்தல. இறங்கல. இதோ இவங்க எல்லாரும் தட்டை எடுத்துக்கிட்டு என் ரூமுக்கே வந்துட்டாங்க. நீங்க சாப்பிடாம நாங்க சாப்பிட மாட்டோம்னு உட்கார்ந்துட்டாங்க. அதுல ஒருத்தங்களுக்கு சுகர். நேரத்துக்குச் சாப்பிடலேன்னா மயக்கம் வந்துடும். என்ன பண்றது, அவங்களுக்காகச் சாப்பிட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "இப்ப எங்க பங்கையும் சேர்த்துச் சாப்பிடறாங்க," என்றார். மேஜை முழுக்கச் சிரித்தது.

அன்று ரயிலில் திரும்பும்போது எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. நான் பார்த்தது அதிர்ஷ்டம் இல்லை. விழுந்தால் உடனே யாருக்காவது தெரிந்துவிடுகிறது. துக்கத்தில் யாரும் தனியாக விடப்படுவதில்லை. இப்படி இருக்கிறவர்கள் அட்டவணையில் இருப்பதைவிட நெடுநாள் இருக்கத்தான் செய்வார்கள். நம் தொழிலில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: நீள் ஆயுள் அபாயம். கல்யாண வீட்டில் பெரியவர்கள் காலில் விழுந்து நூறு வயது இருக்கணும் என்று வாங்கிக்கொள்ளும் ஆசீர்வாதத்தை நாம் அபாயம் என்று எழுதுகிறோம். பணியில் இருந்தவரை அந்தச் சொல் எனக்கு உறுத்தியதில்லை.

அறிக்கையை எழுதினேன். இங்கே இருப்பவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கணிசமாக நீண்ட காலம் இருப்பார்கள். அதற்கு ஒதுக்கிய பணம் போதாது. இப்படியே போனால் சில வருடங்களில் இல்லத்தை நடத்த முடியாது. முடிந்தவர்கள் மாதாமாதம் ஒரு சிறு தொகை தரலாம், இனி சேருகிறவர்களுக்கு நுழைவுத் தொகையை உயர்த்தலாம், வெளியிலிருந்து நன்கொடை தேடலாம் என்று வழிகளையும் எழுதினேன்.

ஜெயசீலன் படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் தப்பாப் படிக்கிறேனா பாருங்க மேடம். இவங்க யாரும் சாகலங்கறதுதான் பிரச்சனைன்னு எழுதியிருக்கீங்க."

"அப்படி எழுதல சார். ரொம்ப நாள் இருப்பாங்க, அதுக்குத் தக்க பணம் இல்லைன்னு எழுதியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்."

அவர் தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "இவ்வளவு கொஞ்சப் பேரை வச்சு எப்படி உறுதியாச் சொல்றீங்க? ஏதோ நல்ல காலம், இதுவரைக்கும் பெருசா யாருக்கும் ஒண்ணும் ஆகல. அப்படியும் இருக்கலாம் இல்லையா? அதை ஒரு வரியாப் போடுங்க. பழைய டேபிளே இருக்கட்டும். பேங்க்ல அது போதும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அவர் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் அவர் கேட்ட வரிக்கு ஆதாரம் இருந்தது. தரவு போதாதபோது பொது அட்டவணைக்குத் திரும்பு என்பதுதானே விதி. நான் அந்த வரியை எழுதியிருந்தால் நாளைக்கு எந்த விசாரணையும் என்னைக் குறை சொல்லியிருக்காது. நெருக்கடி என்பது பெரும்பாலும் இப்படித்தான் வரும். யாரும் மிரட்ட மாட்டார்கள். நியாயமான ஒரு மனிதர், நியாயமான ஒரு வரியைக் கேட்பார்.

"அப்படி எழுதினா என்ன ஆகும் சார்?" என்று கேட்டேன்.

"லோன் வரும். செகண்ட் பிளாக் எழும்பும். புதுசா வர்றவங்க கட்டற பணத்துல இவங்களைப் பார்த்துக்கலாம்."

"புதுசா வர்றவங்களை யார் பார்த்துப்பாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மல்லிகா துவைத்த போர்வைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அறைகளைச் சுத்தம் செய்வது, துணி துவைப்பது எல்லாம் அவள்தான். "எல்லாருக்கும் எங்க அம்மா வயசு மேடம்," என்றார் ஜெயசீலன். "இவங்களை நான் எங்க அனுப்புவேன்?"

நான் அந்த வரியை எழுதவில்லை. அது அதிர்ஷ்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். தெரிந்துகொண்டே, இருக்கலாம் என்று எழுதினால், இன்னொரு கட்டடம் நிறைய வயதானவர்களைக் கூட்டி வந்து அதே பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்துவதாக ஆகும். கையெழுத்துப் போட்டேன். அறிக்கை வங்கிக்குப் போனது. கடன் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே இருப்பவர்களின் பிள்ளைகளையெல்லாம் வரச் சொல்லிச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார் ஜெயசீலன். நானும் போயிருந்தேன். மாதாமாதம் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டார்.

"லைஃப் லாங்னு சொல்லித்தானே வாங்கினீங்க? அப்பாவோட வீட்டை வித்துக் கட்டின பணம் சார் அது," என்றார் ஒருவர். அவர் சொன்னதில் தப்பு இல்லை. இன்னொரு பெண், தன் வீட்டுக் கடனே இன்னும் முடியவில்லை என்று சொல்லி அழுதாள். அதுவும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் பேசிய ஒருவர், சட்டப்படி என்ன செய்யலாம் என்று பார்ப்பதாகச் சொன்னார். பெற்றோர்கள் எல்லாரும் அங்கேயே நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிரேஸ் டீச்சர் என் அறிக்கையை வாங்கிப் படித்தார். வகுப்பில் விடைத்தாள் திருத்துவதுபோல விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். முடித்ததும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கணக்கு சரியா இருக்கு மேடம்," என்றார். "எங்களைப் பிரிச்சு அனுப்பிட்டா என்ன ஆகும்னு போட்டீங்களா? தேடினேன், கண்ணுல படல."

"அதை என்கிட்ட கேட்கல டீச்சர். இங்க இருந்தா எவ்வளவு காலம்னுதான் கேட்டாங்க."

"சரி," என்றார். கோபம் எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

அந்த வருடம் முடியுமுன் இல்லம் மூடப்பட்டது. இருந்த பணத்தை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு ஜெயசீலன் கட்டடத்தை விற்றார். இப்போது அது காட்டாங்குளத்தூரில் படிக்கும் மாணவர்களுக்கான விடுதி. வயதானவர்கள் கார்களிலும் ஆட்டோக்களிலும் ஏறிப் பல திசைகளுக்குப் போனார்கள். ஒருவர் மகள் வீட்டுக்கு வேளச்சேரி, ஒருவர் தம்பி வீட்டுக்குச் செங்கல்பட்டு, போக இடம் இல்லாத இருவர் ஒரு தர்ம ஆசிரமத்துக்கு.

மல்லிகாவிடம் என் எண் இருந்தது. முதல் போன் பொங்கல் முடிந்த கையோடு வந்தது.

"மேடம், அந்த சுகர் அம்மா பூட்டாங்க. தெரியுமா?"

அவர் இறந்தது எனக்குத் தெரியாது. பிறகு அவள் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தாள். அவளுடைய பெயரைத் திரையில் பார்த்ததும் இந்தத் தடவை யார் என்றுதான் நினைப்பேன். ஒருநாள், "கிரேஸ் டீச்சர், மேடம்," என்றாள். பிறகு, "போன வாரம் போய்ப் பாத்தேன். நல்லாத்தான் கீறேன் மல்லிகான்னாங்க. வூட்ல பேசறதுக்கு ஆள் இல்லன்னு மட்டும் சொல்லிகினு இருந்தாங்க. இன்னா பண்றது சொல்லு," என்றாள்.

சேலையூரில் அண்ணன் மகள் வீட்டில் இருந்தார் டீச்சர். அடக்க ஆராதனைக்குப் போனேன். அந்தப் பெண் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். அவள் கணவனும் அப்படியே. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நல்லாத்தான் பார்த்துக்கிட்டோம் ஆன்ட்டி. மதியத்துக்கு எல்லாம் ஹாட் பாக்ஸ்ல போட்டு டேபிள்ல வச்சுட்டுத்தான் ஆஃபீஸ் போவோம்," என்றாள். "சாயங்காலம் வந்து பார்த்தா அப்படியே இருக்கும். ஏன் அத்தை சாப்பிடலன்னு கேட்டா, மறந்துட்டேன்மான்னு சொல்லுவாங்க."

அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

வீட்டுக்கு வந்தும் பழக்கதோஷம் விடவில்லை. மல்லிகா சொன்ன இறப்புகளையெல்லாம் வயது வாரியாகப் போட்டுப் பார்த்தேன். இல்லத்தை விட்டுப் போனபின் அவர்கள் இறக்கும் வேகம், அந்த ஆலோசகர் முதலில் எடுத்த பொது அட்டவணையோடு அச்சு அசலாகப் பொருந்தியது. ஆண்கள் விஷயத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். நான் தவறு என்று நிரூபித்த அட்டவணையை, என் அறிக்கையால் நடந்தவை எல்லாம் சேர்ந்து சரியாக்கிவிட்டன.

ஜெயசீலனிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அவரே கூப்பிட்டார். அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "பழைய டேபிளே சரின்னு ஆயிடுச்சே மேடம்," என்றார். குத்திக் காட்டவில்லை. போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு அவராகப் போனை வைத்தார்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்ல? ஒன்று சொல்லலாம். ஒரு வயதுக்கு இத்தனை என்று நாம் எழுதும் விகிதம் அந்த ஆளின் உடம்பில் இருப்பதாக நினைக்காதீர்கள். காலையில் யார் கதவைத் தட்டுகிறார்கள், மதியம் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. ஏற்பாடு கலைந்தால் விகிதமும் கலையும். உங்களைக் கேட்காவிட்டாலும், இதைக் கலைத்தால் என்ன ஆகும் என்று ஒரு பத்தி எழுதி வையுங்கள். யாரும் படிக்காமல் போகலாம். ஜெயசீலன் படித்திருந்தாலும் பணம் வந்திருக்காது. ஆனால் டீச்சர் தேடும்போது கிடைத்திருக்கும்.

நான் போட்ட கையெழுத்து சரிதானா என்று கேட்பீர்கள். சரிதான். திரும்பவும் அதே நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதையேதான் போடுவேன். அப்படிச் சொல்வதால் எனக்கு ஒரு தெம்பும் வருவதில்லை. நேர்மையாக வேலை செய்தால் நல்லது நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இந்தப் பக்கம் வந்து வேலை செய்ததில்லை.

போன மாதம் வேணுகோபாலைப் பார்க்கப் போனேன். மறைமலை நகரில் மகன் வீட்டில் இருக்கிறார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. முழங்கால் போய்விட்டதால் கீழே இறங்க முடியாது. மகன் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மருமகள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். மகன் எழுந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிழவர் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தணிந்த குரலில் பழையவர்கள் ஒவ்வொருவராக விசாரித்தார். யாரைக் கேட்டாலும் நான் ஒரே பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் விசாரிப்பதை நிறுத்திவிட்டார்.

கிளம்ப எழுந்தபோது என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மேடம், நீங்க எல்லாருக்கும் கணக்குப் போட்டீங்கல்ல. எனக்கு இன்னும் எத்தனை வருஷம் போட்டிருந்தீங்க?"

"தனி ஆளுக்கு அப்படிச் சொல்ல முடியாது சார். கூட்டத்துக்குத்தான் சொல்லலாம்."

"பரவால்ல, சும்மா சொல்லுங்க. என்னை மாதிரி ஆளுங்களுக்கு."

தட்டிக்கழிக்க முடியவில்லை. சொன்னேன். அவர் உள்ளறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அதைக் கொஞ்சம் குறைச்சுப் போட முடியாதா மேடம்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஏதோ அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு, அதிகாரி என்ன சொல்வாரோ என்று நிற்பவரைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.